ஜோடி அக்காவின் விரத வாரம்

மணியை அழுத்துவதற்கு முன் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். குனிந்தெல்லாம் இல்லை, கைப்பையில் எதையோ தேடுகிற சாக்கில். அந்த வீட்டுப் புருஷனுடையதும் பெண்டாட்டியுடையதும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்று ஒழுங்காகவும் மற்றது மூலையில் எறிந்தும் கிடந்தால் "ம்ம்..." என்பார். அப்புறம்தான் மணி.

என் மேல்வீட்டுக்காரர். தொழில், கல்யாணத் தரகு. ஜோடி அக்கா என்றால் தெரு முழுக்கத் தெரியும். தடித்த கண்ணாடி, ஓயாத இரண்டு கைப்பேசிகள், மாடிக்கும் தெருவுக்கும் ஒரே அளவில் கேட்கிற குரல். அவர் வாயில் யாருக்கும் குறை கிடையாது. வேலையில்லாதவன் "அவசரப்படாத பையன்". வாயாடி "கலகலப்பான பொண்ணு". என் தம்பியின் வழுக்கையை "நெத்தி கொஞ்சம் தாராளம்" என்று சொல்லியே அவன் கல்யாணத்தை முடித்து வைத்தார்.

வருடத்தில் விரத வாரம் என்று ஒரு வாரம் ஊரே அடங்கிவிடும். அலுவலகம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, கல்யாணப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. சிலர் வழிபாட்டுக்குப் போவார்கள், சிலர் அலமாரியை ஒழிப்பார்கள். நான் தூங்குவேன். அக்கா காலை விரதத்தோடு, தான் சேர்த்து வைத்தவர்களின் வீடுகளுக்குப் புறப்படுவார்.

"கொத்தனாரு கூட வீடு ஒழுகுதான்னு ஒரு தடவ வந்து எட்டிப் பாக்கறாரு. நான் பாக்க வேணாமா?" என்பார். "எல்லாரும் நல்லா இருக்கணும்னு பொத்தாம் பொதுவா வேண்டிக்க எனக்குக் கூச்சமா இருக்கும்மா. யாரு நல்லா இல்லன்னு தெரிஞ்சுகிட்டுக் கேட்டா சாமிக்கும் சௌகரியம்."

இந்த வருடம் பேருந்துகள் குறைவு. தூக்கத்தை விட்டுவிட்டு என் காரை எடுத்தேன். முதல் சில வீடுகளில் சில்லறைச் சண்டைகள்தான். ஒருத்தி மின்விசிறி வேகத்துக்காகக் கணவனோடு பேசாமல் இருந்தாள். அக்கா விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, "எனக்கு ரெண்டுல வைங்க" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

அடுத்தது இரும்புக் கடைக்காரர் வீடு. சொந்தபந்தம் பெரிது, அக்காவின் வரன்களில் பாதி அந்தக் குடும்பத்து வழியாக வருபவை. அங்கே மகனுக்கு ஒரு தையல்காரப் பெண்ணைச் சேர்த்து வைத்திருந்தார். வாசலில் மருமகளின் செருப்பு இல்லை. இந்த முறை "ம்ம்" கூட வரவில்லை.

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கா," என்றார் மாமியார். "நீங்களே பேசிக் கூட்டிட்டு வந்துடுங்க. நல்ல வேளைக்கு வந்தீங்க."

அந்த அம்மா வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. "நீங்க கொண்டு வந்த சம்பந்தம். நீங்களே கொண்டு போய் விடுங்க" என்றார் பெண்ணின் தாய். எனக்காக டீ கேட்டு அவரைச் சமையலறைக்கு அனுப்பினார் அக்கா. பெண் சன்னலோரம் கையாலேயே ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிக்கிறானா?"

"இல்லக்கா. திட்டக்கூட மாட்டாரு. பேசவே மாட்டாரு. நாள் பூரா நானா பேசி நானா பதில் சொல்லிக்கணும். மிஷின் ஓட்டினாலாவது ஒரு சத்தம் இருக்கும். அது அத்தைக்கு ஆகலன்னு பரண்ல ஏத்திட்டாங்க."

"அமைதியான பையன்னு நான்தானே சொன்னேன்."

"ஆமாக்கா."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "திரும்பிப் போகணும்னு இருக்கா உனக்கு?"

பெண் ஊசியை நிறுத்தினாள். "இல்ல. இத நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

டீயோடு வந்த அம்மா, "புத்தி சொன்னீங்களா?" என்றார்.

"சொல்லல. கேட்டுக்கிட்டேன். இப்ப போக வேணாம்."

"ஊரு என்ன சொல்லும்?"

"என்னைத்தான் சொல்லும். சொல்லிட்டுப் போகுது."

நேரே இரும்புக் கடைக்காரர் வீட்டுக்குத் திரும்பினோம். அக்கா அந்தப் பெண்ணின் தையல் மிஷினைக் கேட்டார். மாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "சேத்து வைக்கிறவ பேசற பேச்சா இது? இனி எங்க சொந்தத்துல ஒரு வரன் உன் கைக்கு வராது" என்றார். மகன் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான்.

"தம்பி, அவ வரலங்கறா. நீ என்ன சொல்றே?"

அக்கா காத்திருந்தார். அவன் முக்காலியைப் போட்டு ஏறி மிஷினை இறக்கினான். உள்ளே போய் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தான். "கத்திரிக்கோல். பாத்து," என்றான். அவன் குரலை அன்றுதான் கேட்டேன்.

காரில் அக்கா மிஷினை மடியில் வைத்துக்கொண்டார். "பொழப்புல பாதி போச்சேக்கா" என்றேன்.

"போச்சு." கொஞ்ச தூரம் போன பிறகு, "பொய் சொல்லலம்மா நான். நெசத்தையே நல்ல துணியில சுத்திக் குடுத்துட்டேன்" என்றார். வெயில் ஏறிவிட்டது. விரதம் முடிகிற நேரம் தாண்டியும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

பெண்ணின் அம்மா வீட்டில் இந்த முறை கதவு முழுதாகத் திறந்தது. வாங்க என்ற சொல் மட்டும் வரவில்லை. நாங்களே தூக்கிப் போய்ச் சன்னலோர மேசையில் வைத்தோம். பெண் உறையை அவிழ்த்துத் தூசியை ஊதினாள். நூலைக் கோக்கப் பார்த்தாள், நூல்முனை பிரிந்துகொண்டே போனது. அக்கா வாங்கி, நூல்முனையை நாக்கில் நனைத்து முயன்றார். தடித்த கண்ணாடிக்கு ஊசிக்கண் அகப்படவில்லை. சமையலறை வாசலில் அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா நூலை அவர் பக்கம் நீட்டினார். அவர் வந்து வாங்கும்வரை நீட்டிய கையை இறக்கவில்லை.