இடுப்பு ஆடும் ட்ராம்

மெட்ரோ ரயிலில் இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் நான் நிற்பதில்லை. அங்கே தரையில் ஒரு தகடு இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது அது மெல்ல நகர்ந்து கொடுக்கும்; மடிப்புச் சுவர் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரியும். பேரப்பிள்ளைகள் அதன்மேல் நின்று விளையாடுகிறார்கள். நான் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கிழவருக்குப் பயம் என்று நினைக்கிறார்கள். எண்பதைத் தாண்டிய பிறகு ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க அலுப்பாக இருக்கிறது. ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்படி ஓர் இணைப்பை என் சித்தப்பா, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில், எங்கள் வீட்டு வாசல் மணலில் உட்கார்ந்து, மரத்தில் செய்தார். அதைக் கெடுத்தவன் நான்.

சித்தப்பா கடலுக்குப் போகாதவர். அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். எங்கள் குப்பத்தில் இதை வியாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவமானம் என்பார்கள். அதனால் இளவயதிலேயே பட்டணம் போய் ட்ராம் ஷெட்டில் தச்சு வேலையில் சேர்ந்துகொண்டார். பட்டணத்தில் ட்ராம் நின்றுபோன வருஷம், ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கட்டுத் தேக்குத் துண்டுகளோடும் திரும்பி வந்தார். சின்னம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அனுப்பம்பட்டில் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வேலை கிடைத்த மறுநாள் வந்து அழைத்துப் போகிறேன் என்று சித்தப்பா சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ட்ராமைப் பற்றி அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். ஜனம் படியில் தொங்குகிறது. பெட்டியை நீளமாகச் செய்தாலோ தெரு முனையில் திரும்பாது, நடுவயிறு கடைப் பந்தலில் உரசும். பின்னால் இன்னொரு பெட்டியைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் அது வால்போல வீசும். அதற்குத் தனியாக ஒரு கண்டக்டரும் வேண்டும். இரண்டு பழைய பெட்டிகளை ஒரு முனையில் வெட்டிச் சேர்த்து, சேரும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சக்கரக் கட்டையை வைத்துவிட்டால் என்ன? மோட்டார் ஒன்று, டிரைவர் ஒருவர், உள்ளே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து போகலாம், முனை வந்தால் வண்டி இடுப்பை வளைத்துத் திரும்பிவிடும். வெளிதேசத்தில் இப்படி ஓடுகிற வண்டியின் படம் ஒன்று ஷெட்டில் ஒட்டியிருந்ததாகவும் சொல்வார். படத்தில் இடுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. அதைத்தான் அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாதிரி வண்டி இரண்டு முழ நீளம். நூல் சுற்றி வரும் கட்டைகளை அறுத்துச் சக்கரம் செய்தார். சரக்குப் பெட்டிகளைச் சுற்றி வரும் இரும்புப் பட்டையைப் பனம்பலகையில் பதித்துத் தண்டவாளம் ஆக்கினார். இடுப்புக்கு முதலில் வைத்தது செருப்புத் தோல். அது நடுவில் தொங்கிப் போயிற்று. அடுத்து ஒரு கதவுக் கீல். பக்கவாட்டில் நன்றாகத் திரும்பியது, ஆனால் பலகை கொஞ்சம் மேடேறினால் பின்பெட்டி சக்கரத்தைத் தூக்கிக்கொண்டது. மூன்றாவதாக, ஏதோ பழைய கட்டிலின் தலைமாட்டில் இருந்த பித்தளைக் குமிழ் ஒன்றைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதைப் பொதுச் சக்கரக் கட்டையின்மேல் நிறுத்தி, இரண்டு பெட்டிகளின் அடியிலும் குழி குடைந்து அதன்மேல் உட்காரவைத்தார். குழிக்கும் குமிழுக்கும் நடுவே ஒரு நெல் நுழைகிற இடம் விட்டிருந்தார். அந்த இடைவெளிக்காக ஒரு மாதம் இழைத்தார் என்று நினைக்கிறேன்.

பலகையின் ஒரு முனையை உயர்த்தி வண்டியை விட்டால், அது இடுப்பை ஆட்டி ஆட்டி இறங்கி வரும். அதைப் பார்க்க வலை பின்னுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வருவார்கள்.

"இன்னாபா, உங்க சித்தப்பன் வண்டி கள்ளு குட்ச்சிட்டு வருதா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். பள்ளிக்கூடத்திலும் இந்தப் பேச்சு வந்து சேர்ந்தது. என்னைப் பார்த்தால் பையன்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு நடப்பார்கள். வெட்கமாக இருந்தது. ஆட்டம்தான் அந்த வண்டியின் நோய் என்று நானும் நம்பினேன்.

நம்புவதற்கு வேறு காரணமும் இருந்தது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனா கடலிலிருந்து வந்ததும் கட்டுமரத்தின் கயிறுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார். விடிந்ததும் மறுபடி சேர்த்துக் கட்ட வேண்டும். அந்த வருஷம்தான் எனக்குக் கட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு உண்டு. எங்கள் வீட்டு முடிச்சு இரண்டு சுற்றுச் சுற்றி அடியில் நுழைந்து வரும். நான் கட்டியதைக் காலால் மிதித்துப் பார்ப்பார்.

"கட்டு தொளதொளன்னு இருந்தா ஆளு வூட்டுக்கு வரமாட்டான். இறுக்கு."

அவருக்குத் தம்பிமேல் கோபம் இருந்தது. கூட வலை இழுக்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். தம்பியோ வாசலில் உட்கார்ந்து பொம்மை செய்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது, இந்தப் பொம்மையைத் தூக்கி அடுப்பில் வைத்துவிடப் போவதாகச் சொன்னார். சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் ஷெட்டில் பெரிய வேலையில் இருந்த இன்ஜினியர் ஒருவரிடமிருந்து கார்டு வந்தது. அவருக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்திருந்தது. அங்கே ட்ராம் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்புவதற்கு முன் குடும்பத்தோடு பழவேற்காடு ஏரியைப் பார்க்க வருவதாகவும், அப்படியே குப்பத்துக்கு வந்து மாதிரியைப் பார்ப்பதாகவும், வளைவில் ஒழுங்காகத் திரும்பினால் சித்தப்பாவையும் அழைத்துப் போக ஏற்பாடு செய்வதாகவும் எழுதியிருந்தார். சித்தப்பா அந்தக் கார்டை அனுப்பம்பட்டுக்கு அனுப்பிவைத்தார். சின்னம்மா துணிமணிகளை மூட்டை கட்டிவிட்டதாகத் தகவல் வந்தது.

வளைந்த தண்டவாளத்தை அவர் முடித்ததே இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் மாலையில்தான். வண்டி வளைவில் திரும்பி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை சித்தப்பா தலைமுழுகப் போயிருந்தார். வண்டி வாசலில் இருந்தது. இன்ஜினியர் முன்னாலும் அது கள்ளு குடித்தாற்போல வரப்போகிறதே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. வலை நூலை எடுத்து, இரண்டு பெட்டிகளின் அடிக்கட்டைகளையும் சேர்த்துப் பல்லால் இழுத்து இறுக்கி, எங்கள் வீட்டு முடிச்சைப் போட்டேன். ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. சித்தப்பாவுக்குச் சொல்லக்கூடாது, அவராகவே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன்.

இன்ஜினியர் மதியத்துக்கு முன் படகில் வந்து இறங்கினார். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நைனாவும் கடலிலிருந்து வந்து ஓரமாக நின்றார். சித்தப்பா வண்டியை மேலே வைத்துக் கையை எடுத்தார். நேர்ப் பலகையில் அது அம்பு மாதிரி இறங்கியது. நான் பெருமையோடு வலை பின்னுகிறவர்களைப் பார்த்தேன். சித்தப்பாவின் முகம் மட்டும் சரியாக இல்லை. அவர் கையை நீட்டுவதற்குள் வண்டி வளைவுக்கு வந்துவிட்டது. முன்சக்கரம் திரும்பியது; உடம்பு திரும்பவில்லை. பின்பெட்டி பட்டையைவிட்டு ஏறி, பலகையிலிருந்து தலைகீழாகக் கீழே விழுந்தது. பித்தளைக் குமிழ் காம்போடு முறிந்து மணலில் கிடந்தது.

இன்ஜினியர் நல்ல மனிதர். யோசனை நல்ல யோசனைதான் என்றார். "ஆனா வளைவுலதானேப்பா ட்ராமுக்குச் சோதனை." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் ரயில் ஏற வேண்டும் என்றார். சித்தப்பா துறைவரை அவரோடு நடந்து போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

வந்தபிறகுதான் வண்டியைப் புரட்டிப் பார்த்தார். நூலைப் பார்த்தார். பிறகு நைனாவிடம் நீட்டினார்.

"இது நம்ம வூட்டு முடிச்சுண்ணா."

நைனா வாங்கிப் பார்த்தார். எனக்கு இடக்கைப் பழக்கம். நான் போடும் முடிச்சில் நூலின் வால் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். அதற்காக எத்தனையோ தடவை தலையில் குட்டியிருக்கிறார். கோபத்தில் சித்தப்பா அதைக் கவனிக்கவில்லை. நைனா ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமாண்டா," என்றார். "நான்தான் கட்னேன்."

"உன் சோறு தின்னது போதும்ணா," என்றார் சித்தப்பா. குரலை உயர்த்தவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வண்டியை எடுத்துப் போகவில்லை. அனுப்பம்பட்டில் மாமியார் வீட்டோடு தங்கி, ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நைனா செத்தபோது ஆள் அனுப்பினோம், வரவில்லை. எட்டு வருஷம் கழித்து அவரும் போனார்.

நான் சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதில் பயம், அதை மன்னிக்கலாம். பிறகு படித்தேன், பட்டணத்தில் வேலைக்குப் போனேன். பொன்னேரியிலிருந்து தினமும் ரயில். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் அந்த ரயில் காலையிலும் மாலையிலும் நின்றது. இருபத்தாறு வருஷம் நின்றது. நான் ஒருநாளும் இறங்கவில்லை. முதலில் நாளைக்கு ஆகட்டும் என்றிருந்தேன். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அந்தக் கேள்வி வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் ஸ்டேஷன் வருவதற்குள் கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதவேண்டும். சித்தப்பா வீட்டைவிட்டுப் போன சில வாரங்களில் நைனா வேறு ஓர் ஆளைக் கட்டுமரத்துக்குச் சேர்த்துக்கொண்டார். என்னைப் பொன்னேரியில் விடுதியோடு பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்தார். எங்கள் குப்பத்தில் அப்படி யாரும் படிக்கப் போனதில்லை. நான் கெட்டிக்காரன் என்பதால் அனுப்புகிறார் என்று துள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

படகில் நாங்கள் இருவர் மட்டும்தான். ஏரி அசையாமல் கிடந்தது. நைனா கோலை ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். பாதி தூரத்தில் தள்ளுவதை நிறுத்தினார். படகு தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"எங்கிட்ட எதுனா சொல்லணுமாடா?" என்றார்.

ஊருக்குப் போகிற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் யோசித்தேன்.

"ஒரு பேனா வேணும் நைனா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சரி என்று சொல்லிக் கோலை எடுத்தார். பொன்னேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாங்கிக் கொடுத்தார்.