பத்து நிமிடம் பேசிக்கொடுத்த அக்கா

நாலு வருடங்களுக்கு முன்பு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. மொழியியல் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், விடுங்கள். பொது மொழியியல் அறிமுகம் என்று ஒரு தாள். யாராவது ஒருவரை இயல்பாகப் பேசவிட்டு, பத்து நிமிடம் பதிவு செய்து, காதில் விழுந்ததை விழுந்தபடியே ஒலிக்குறியீட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார் பேராசிரியர். கீழே சாதாரணத் தமிழிலும் எழுதவேண்டும். பேசியவரின் வயது, ஊர், தொழில் மூன்றையும் மேலே குறிக்கவேண்டும்.

மற்றவர்கள் களக்காடு, மணிமுத்தாறு என்று ஆள் தேடி அலைந்தார்கள். நான் சோம்பேறி. எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்காவையே பிடித்துவிட்டேன். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். வாயைத் திறந்தால் அசல் நெல்லைப் பேச்சு கொட்டும்.

"என்னத்தட்டி பேசச் சொல்லுத?" என்று சிரித்தார்.

"எதுவேணும்னாலும் பேசுங்கக்கா. உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க."

பேசினார். "காலைல எட்டு மணிக்கு வந்தம்னா சாயங்காலம் அஞ்சு வரைக்கும் நின்னமானிக்கே வேலை. இங்கன லேடீஸ் பாத்ரூம் இருக்கு, ஆனா எங்களுக்குப் பூட்டிருவாங்க. அது படிக்க பிள்ளேளுக்கும் டீச்சருக்கும்தானாம். அவசரம்னா ரோட்டத் தாண்டி பெட்ரோல் பங்குக்குல்லா ஓடுதோம். அங்கயும் மொறைக்கான். அதனால காலைல இருந்து ஒரு மடக்கு தண்ணி குடிக்க மாட்டேன், பாத்துக்கோ. நாள் பூரா தண்ணிக்குள்ளதான் கையி, தொண்டை மட்டும் காஞ்சு கெடக்கும்." கேன்டீன் சூப்பர்வைசரிடம் பூட்டைத் திறந்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டதையும், அவன் கேலி பேசி அனுப்பியதையும் சொன்னார்.

இதையெல்லாம் நான் இரண்டு நாள் காதில் ஹெட்போன் மாட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு எழுதினேன். எந்த உயிர் நீள்கிறது, எங்கே மூச்சு இழுக்கிறார், எந்த மெய் தேய்ந்துபோகிறது என்று அத்தனையும் எழுதினேன். அந்தப் பெண் தாகத்தோடு நிற்கிறாள் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். என்ன கேட்டேனோ!

பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். வகுப்பிலேயே சிறந்த பதிவு இதுதான் என்று துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மேலே, 'பெண், வயது 46, சேரன்மகாதேவி, கேன்டீன் ஊழியர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நானும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

துறைக்குத் தினமும் டீ கொண்டுவருவது அதே சூப்பர்வைசர்தான். அவன் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன். மூன்றாம் நாள் அக்காவைக் காணவில்லை. கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்டேன். "நாளைலருந்து வராதன்னுட்டாம்மா" என்றார்கள்.

பேராசிரியரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தபடி, "நான் மொழியை மட்டும்தாம்மா பார்த்தேன். அவங்க என்ன சொல்லுதாங்கங்கிறது நம்ம பாடத்துல வராதே" என்றார். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஒரு மனுஷியின் பேச்சை நோட்டீஸ் போர்டில் ஆணியடித்து மாட்டிவிட்டு, பேசியது என்ன என்று பார்க்கவில்லையாம்! கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு கத்துவது? நானும் அதைத்தானே செய்திருந்தேன்.

சனிக்கிழமை சேரன்மகாதேவிக்குப் போய், விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நான் பேசுனத ஒண்ணுவிடாம எழுதுனியாமே. எழுதும்போது உனக்கு ஒண்ணுமே தோணலியாட்டி?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

திங்கட்கிழமை வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேரும் முதல்வர் அறைக்குப் போனோம். "கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயம், கல்லூரிக்குச் சம்பந்தம் கிடையாது" என்றார். அவர் கல்லூரி, அவர் கட்டடம், அவர் பூட்டு. சம்பந்தம் மட்டும் கிடையாதாம்! பலகையிலிருந்து கிழித்துக்கொண்டு போன அந்தத் தாளை அவர் எதிரிலேயே சத்தமாக வாசித்தேன். தண்ணீர் குடிப்பதில்லை என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தேன். அவர் முகத்தில் சலனமில்லை. வெளியே வந்து அவர் அறை வாசலில் உட்கார்ந்தோம். மற்ற துறைப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் நாள் மதியம் பாத்ரூம் பூட்டைக் கழற்றினார்கள். என் பேராசிரியர் அந்த மூன்று நாளும் வேறு வாசல் வழியாகப் போய்வந்தார்.

அக்காவைத் திரும்ப எடுக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டான். எவ்வளவோ மன்றாடியும் நடக்கவில்லை. பூட்டைக் கழற்றிய செய்தியைப் போனில் சொன்னேன். "நல்லது. மத்தவளுவளாவது தண்ணி குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் போனை எடுத்ததில்லை. அது அவருடைய உரிமை.

அந்தப் பதிவுக்கு எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது மதிப்பெண் போட்டிருந்தார்கள். குறைந்த ஒன்று, ஏதோ ஒரு குறியீட்டைத் தவறாகப் போட்டதற்காம். ஒருத்தி வாய்விட்டுச் சொன்ன கஷ்டம் என் காதில் ஏறாமல் போனதற்கு அங்கே யாரும் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்கவில்லை என்பதை நினைத்தால், அவர்கள் மீதும் என் மீதும் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.