ஊரில் எந்தப் பக்கம்

மகள் பெரம்பலூரில் நர்சிங் சேர்ந்தபோது நான்தான் வீடு தேடி அலைந்தேன். கணவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அவருக்கு நேரம் கிடையாது. எனக்கோ புது ஆட்களிடம் பேச வாய் வராது. மூன்று வீடுகளில் எல்லாம் நன்றாகப் போய், கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது.

"ஊர்ல எந்தப் பக்கம்மா?"

காலனி என்றேன். தங்கள் சொந்தக்காரர் குடிவரப் போகிறார் என்பது மூன்று வீட்டிலும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான்காவது வீட்டில், "பிள்ளையார் கோயில் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அந்தத் தெருவில் நாங்கள் இல்லை. பக்கத்து வீட்டிலேயே இருந்த வீட்டுக்கார அம்மா சாவியைக் கையில் கொடுத்தார்.

மாடி எனக்கும் மகளுக்கும். கீழே ஒடிசாப் பெண் ஒருத்தி, கணவனோடு. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்து அனுப்பினேன். அம்மாவோடு போனில் பேசும்போது கதவைச் சாத்திக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாவின் குரல் கேட்டால் துணி பக்கெட்டோடு படியிலேயே நின்றுவிடுவேன்.

ஒருநாள் அந்த ஒடிசாப் பெண்ணிடம் கேட்டேன். நாலு வருஷமாக இங்கே இருப்பதால் அவள் தமிழ் பேசுவாள். "உன்னை எந்த ஆளுங்கன்னு கேட்டாங்களாம்மா?"

"இல்லக்கா. கறி சமைப்பியான்னு கேட்டாங்க. மீன்னு சொன்னேன். ஜன்னல சாத்திட்டு செய்யின்னாங்க."

வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "எங்க ஊர்ல பேர் சொன்னா போதும், தெரிஞ்சிடும். குழாயத் தொட விடமாட்டாங்க. இங்க நான் ஹிந்திக்காரி. எனக்கு ஹிந்தியே சரியா வராது. இருந்துட்டுப் போறேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இரண்டு நாள் ரயிலில் வந்தவள். நான் திருமழபாடிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். அவள் மேல் பொறாமையாக இருந்தது.

ஆவணியில் வீட்டுக்கார அம்மா என்னை வாசலில் நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ல ஒரு கல்யாணம். பிள்ளையார் கோயில் பக்கந்தான். உங்க வூட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போறோம்."

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. "நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேம்மா" என்றாள் மகள். சனிக்கிழமை காலையில் போய் நின்றேன்.

"எங்க வூடு காலனிலங்க. மாத்திச் சொல்லிட்டேன்."

பூ கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா வூடு குடுத்திருப்பீங்களா?"

நானா கேட்டேன் என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. அவர் நார் நுனியைப் பல்லால் கடித்தார். "பொண்ணு பரீட்சைய முடிக்கட்டும். அப்பறம் வேற பாத்துக்க."

திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கேட்டார். "கீழ் வூட்டுப் புள்ள உங்கிட்ட நல்லா ஒட்டுதே. அது என்ன ஆளுங்க?"

"ஒடிசாங்க."

"அது தெரியும். அதுல?"

"எனக்குத் தெரியாதுங்க. அவங்க பேசுறதே பாதி புரியறதில்ல."

அந்த வீட்டில் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. அதைத் திருத்த நான் போகவில்லை. பரீட்சைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. சாயங்காலமானால் டு-லெட் போர்டு பார்த்துத் தெருத்தெருவாக நடக்கிறேன்.