அம்மா போட்ட கையெழுத்து

எட்டாவது வரைக்கும்தான் படித்தவள் நான். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம் என்று படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் கிராம சபையில் பதிவேட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்காமல் நான் பேனாவைத் தொடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் அண்ணன், என் மாமா, பஞ்சாயத்தில் கிளார்க். கிராம சபைக்கு வரமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களின் கையெழுத்தையும் முந்தின நாளே நிரப்பிவிடுவது அவர் வழக்கம். அம்மா களையெடுக்கப் போயிருந்த நேரத்தில் பெரிய நோட்டோடு வந்தார்.

"ஏட்டி, உன் எழுத்து முத்து முத்தா இருக்கும்லா? நான் பேரைச் சொல்லுதேன், நீ போடு. எல்லாத்தையும் ஒண்ணுபோல போட்டுறாத, என்ன?"

பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. கீழே எங்கள் கீழத்தெரு முழுவதற்கும் போட்டேன். அம்மாவுக்குக் கைநாட்டுதான். மாமா வெற்றிலை துப்ப எழுந்து போனபோது அவள் பெயரையும் அழகாக எழுதிவிட்டேன். அம்மா மட்டும் ஏன் விரலை உருட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆற்றாமை.

அந்த முறை பார்த்து யூனியன் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி சபைக்கு வந்து, அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். கீழத்தெருவுக்குக் குழாய் போட்டாகிவிட்டது, தண்ணீர் வருகிறது என்று தெருக்காரர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்களாம். எங்கள் தெருவில் ஒரு குழிகூடத் தோண்டவில்லை.

அம்மா எழுந்தாள். "யாரு சொன்னா? ஆத்துலருந்துதான் சுமக்கோம். நான் கையெழுத்தே போடல. எனக்குக் கைநாட்டுல்லா!"

"இங்க உங்க பேர் எழுதியிருக்கே. அப்போ இது கள்ளக் கையெழுத்து. போட்டது யாருன்னு போலீஸ் விசாரிக்கட்டும்."

மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். மாமா என்னைப் பார்த்தார். அவர் பார்த்த திசையில் அம்மாவும் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றாள் பைய. "நான்தான் போட்டேன். மறந்துட்டேன். மவ சொல்லிக்குடுத்தா."

"தண்ணி வருதா?"

"வருது."

"எங்க வருது? உன் கண்ணுலயா?" என்று அடுத்த வீட்டு அத்தை கத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

பொய் சொன்னால் சூடு வைப்பேன் என்கிறவள், ஊர் முன்னால் இப்படிச் சொல்கிறாளே என்று விக்கித்துப் போனேன். அண்ணனைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று நினைத்து அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. என் விரலில் இருந்த மையைப் பார்த்த பிறகுதான் அவள் வாய் மாறியது என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

மறுநாள், கீழத்தெருக் குழாய் வேலை முடிந்தது என்று பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதினார்கள்.