தம்பி வீட்டுக்கு ஒரு நட்சத்திரம்

மூங்கில் பத்தைகளை ஐந்து முனையாகச் சேர்த்து, ஈர நூலால் இறுக்கிக்கொண்டிருந்தன அந்தக் கைகள். ஒரு முனை லேசாகச் சாய்ந்திருந்தது. கட்டை அவிழ்த்து மறுபடியும் கட்டின.

செபஸ்தியானுக்கு லாரிப் பட்டறையில் ஒயரிங் வேலை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது அவராகவே பழகிக்கொண்டது. வருடாவருடம் டிசம்பர் முதல் ஞாயிறன்று, ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் தம்பி ஜோஸ்வா வீட்டில் குடும்பம் கூடிச் சாப்பிடும். ஜன்னலில் அண்ணன் கட்டிய நட்சத்திரம் தொங்கும். போன வருடம் பல்புச் சூட்டில் அது தீப்பிடித்து, புதுத் திரைச்சீலையைக் கருக்கிவிட்டது.

"லாரிக்கு ஒயர் இழுக்கற கைய ஊட்டுல வெச்சா இப்படித்தான் ஆவும்!" என்று தன் சம்பந்தி வீட்டார் முன்னால் தம்பி கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். செபஸ்தியானும் சிரித்து வைத்தார். அதன்பின் தம்பி பேசவில்லை. இந்த வருடம் அழைக்கவும் இல்லை.

"கூப்புடாத ஊட்டுக்கு எதுக்குங்க இது?" என்றாள் மனைவி ஞானமேரி.

"கொண்டுபோனா உள்ள வாங்கண்ணான்னு சொல்லாமயா போயிருவான்?"

இந்த முறை சூடேறாத எல்.இ.டி. பல்பு. பகலெல்லாம் எரியவிட்டு, நட்சத்திரத்தின் மேல் ஒட்டிய தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிறு மதியம் தம்பி வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றபோது பிரியாணி வாசம் வந்தது. தம்பி மனைவி பிரின்சி வந்தாள்.

"அவரு சாப்புட்டுட்டு இருக்காருங்க மாமா. குடுங்க, சொல்லிர்றேன்."

"இப்பச் சூடாவாது சாமி. நானே மாட்டிக் குடுத்தர்றனே?"

"வேண்டாங்க மாமா. நாங்க வெளியவே மாட்டிக்கறோம்."

கேட்டின் தாழ்ப்பாள் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. செபஸ்தியான் குதிகாலை உயர்த்தி, ஒரு முனையும் மடங்காதபடி, கேட்டுக்கு மேலாக நட்சத்திரத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.