மைதீன் பாய் பசை போட்டதில்லை

மைதீன் பாய் மாட்டிய காற்றுக் குழாய்தான் இலஞ்சி ஊர்க் கார் ஒன்றின் எஞ்சினைக் கெடுத்தது என்று சொன்னது பொய். சொன்னவர் அந்தக் காரின் சொந்தக்காரர், போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வேலாயுதம். கேட்டு நம்பியவர்கள் தென்காசி டாக்சி ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் நாம் எல்லோரும். பொய்யைத் திருத்துவதற்குள் மெக்கானிக் மைதீன் பாய் இறந்துவிட்டார். நடந்த அநியாயம் இதுதான்.

செய்தி வந்தபோது நான் ஸ்டாண்டில் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர் பெயரும் தெருவும் சொல்லி, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். பக்கத்து வண்டிக்காரர் கேட்டார்: "யாரு, எஞ்சினுக்குள்ள தண்ணிய விட்டாரே, அந்தக் குழாய்க்காரரா?" முப்பது ஆண்டுகள் நம் வண்டிகளுக்குக் கீழே படுத்துக் கிடந்தவருக்கு நம்மிடம் மிஞ்சிய பெயர் அது. எழுந்து அடக்கத்துக்குப் போனேன்.

அந்தக் குழாய் எதற்கு என்று சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில், ஆள் நிறைந்த வண்டி லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றையே அது திரும்பத் திரும்ப இழுக்கிறது. வெளிக்காற்றை ஒரு குழாய் வழியாக ஃபில்டருக்குக் கொண்டுவந்தால் சரியாகும் என்று நான் சொன்னேன். எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். பாய் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "கொதிக்குன்னு நீங்க சொல்லுதீய. எவ்வளவுன்னு பாப்பம்" என்று, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வீட்டிலிருந்து எடுத்துவந்து பானெட்டுக்குள் கட்டிவிட்டார். இலஞ்சி வரை போய்த் திறந்து பார்த்தால் அது வெடித்துக் கிடந்தது. "அண்ணாச்சி, ஒங்க வண்டிய ஆஸ்பத்திரியிலதான் சேக்கணும்" என்றார்.

மூன்று அங்குல பிவிசி குழாய். எஞ்சின் பக்கம் மட்டும் ரப்பர் ஹோஸ். சூடு படாமல் நடுவில் எண்ணெய் டின்னை வெட்டிய தகடு. குழாயின் வாயில் டீ வடிகட்டியின் வலை. வாயை எங்கே வைப்பது என்பதில்தான் அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். சாரல் காலத்தில் தண்ணீர் ஓடும் குற்றாலம் சாலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு வந்தார். "தண்ணி எம் முட்டத் தாண்டல. வாய் அதுக்கு மேல, லைட்டுப் பக்கத்துல இருக்கட்டும். கீழ போனா காத்துக்குப் பதிலா தண்ணியக் குடிச்சிரும்."

இணைப்புகள் எல்லாவற்றுக்கும் திருகுகிற கிளிப் போட்டார். பசை தடவினால் சீக்கிரம் முடியுமே என்றேன். "கழத்த முடியாதத நான் மாட்ட மாட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு நான் தப்புப் பண்ணியிருந்தா நானே கழத்திப் பாக்கணும்லா" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "மைலேஜ் கூடும்னு யார்ட்டயும் சொல்லிராதீய. ஏத்தத்துல மூச்சு சீரா இருக்கும், அவ்வளவுதான்." என் வண்டியைப் பார்த்து ஸ்டாண்டில் இன்னும் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஓர் ஆடி மாதம் வேலாயுதமும் வந்து மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு சாரலில், இலஞ்சி வயல் ஓரத்தில், வேலாயுதத்தின் கார் நின்றுவிட்டது. அன்று நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேல் இல்லை. லைட் உயரத்துக்கு அது எப்படி ஏறும் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். மறுநாள் அவர் ஸ்டாண்டுக்கு வந்து நடுவில் நின்றுகொண்டார். "நல்ல வண்டிய நாசம் பண்ணிட்டாரு ஒங்க பாய். குழாய் வழியா தண்ணி ஏறி, எஞ்சினுக்குள்ள கனெக்டிங் ராடு வளைஞ்சு கெடக்கு."

பாயும் அங்கேதான் இருந்தார். ஒன்றுதான் கேட்டார். "வண்டிய ஒருக்கா காட்டுங்கய்யா. எங்கன ஏறுச்சுன்னு பாக்கணும்."

"பாத்து என்ன கிழிக்கப் போறீரு? அடுத்தவன் வண்டியையும் கெடுக்கவா?"

சிலர் சிரித்தார்கள். அன்று மாலையே காரை ஷெட்டில் விட்டுப் பூட்டினார் வேலாயுதம். எத்தனையோ வழக்குகளில் வண்டியைப் பார்க்காமல் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார் அந்த மனிதர். சொந்த வண்டியை மட்டும் ஏன் காட்ட மறுத்தார்? இப்படிக் கேட்டுக்கொண்டே, அதே வாரம் மற்ற நால்வரைப் போல என் வண்டியின் குழாயையும் நான் கழற்றிவிட்டேன். பயம்தான், வேறென்ன. அந்த வழியாக வந்த பாய் அதைப் பார்த்தார். "கழத்துனது சரிதான். கிளிப்பத் தொலைச்சிராதீய" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் பட்டறைக்கு வண்டி வருவது குறைந்தது, பிறகு நின்றுபோனது. இதனால்தான் அவருக்கு நெஞ்சு அடைத்தது என்று நான் சொல்லவில்லை. தெரியாததை எழுதுவது என் பழக்கமில்லை.

அடக்கம் முடிந்த பத்தாம் நாள், குத்துக்கல்வலசையில் பழைய கார் விற்கும் இடத்தில் அதே காரைப் பார்த்தேன். பாய் சாகும் வரை பூட்டியே கிடந்த கார் இப்போது ஏன் வெளியே வந்தது? வாங்க வந்தவன்போலப் போய் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். லைட்டுக்குப் பக்கத்தில் முடிய வேண்டிய குழாயில் ஓர் எல்போ, அதாவது வளைவுத் துண்டு. அதிலிருந்து இன்னொரு துண்டு, பம்பருக்கும் கீழே, தரையைப் பார்த்து. வலையைக் காணோம். எல்போவில் கிளிப் இல்லை, பசை. வழிந்து காய்ந்த பசைக்குள் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பசை போடுகிறவன் பிளம்பர். இலஞ்சியில் வேலாயுதம் வீட்டுக்குக் குளியலறை வேலை பார்ப்பவர் முத்தையா. படத்தைக் காட்டினேன். அவர் மறைக்கவில்லை. "ஐயா சபரிமலைக்குப் போவயில வண்டிக்கு மாலை கட்டியிருந்தாவ. பூவெல்லாம் வலையில போய் அப்பிக்கிட்டு, வண்டி இழுக்க மாட்டங்குன்னாவ. வாயக் கீழ பாக்கத் திருப்பி வையிடேன்னாவ. நான் என்னத்தக் கண்டேன்? பாத்ரூம் குழாய்க்கு ஒட்டுத மாதிரி ஒட்டிவிட்டேன்."

அங்கிருந்து நேரே வேலாயுதத்திடம் போனேன்.

"ஆமா, திருப்பச் சொன்னேன். சாமிக்குப் போற வண்டி மாலையக் கழத்தச் சொல்லுதீரா?"

"மாலையக் கழத்த வேண்டாம். பாய்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"செத்தவருக்கு இனிமே என்னவே ஆவப் போவுது? விடும்."

ஸ்டாண்டில் நின்று பேசியபோது அந்த எல்போ நினைவில் இல்லை என்று அவர் சொல்லவில்லை. கேட்டும் பார்த்தேன். வாசலைப் பார்த்தார். தெரிந்தேதான் பேசினார் என்பது என் முடிவு. தெரியாதவர் ஷெட்டைப் பூட்ட மாட்டார்.

ஆகவே வேலாயுதம் ஸ்டாண்டுக்கு வர வேண்டும். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னால் ஏற்க மாட்டேன். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் இருக்கும் நேரத்தில் வந்து, 'குழாயின் வாயைக் கீழே திருப்பச் சொன்னது நான்தான்' என்று சொல்ல வேண்டும். முத்தையா பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், பார்க்கலாம். கார் விற்பவர் அந்த எல்போவை அறுத்து எறியக் கூடாது. எறிந்தாலும் படம் என்னிடம் இருக்கிறது. ஸ்டாண்டில் குழாயைத் திரும்ப மாட்டுவதும் மாட்டாததும் அவரவர் விருப்பம். ஆனால் பாயைக் குழாய்க்காரர் என்ற அந்தப் பட்டப்பெயரால் சொல்வதை எல்லோரும் இன்றோடு நிறுத்த வேண்டும்.

பாயின் மனைவி இப்போது, கணவரை இழந்த பெண்கள் கடைப்பிடிக்கும் இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் யாரும் அவரைப் பார்க்க முடியாது. இவையெல்லாம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். அது கழிந்ததும், அவர் மகளிடம் கேட்டுக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து நானும் கழற்றினேன் என்பதைப் பாய் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். அதை நான்தான் சொல்ல வேண்டும்.