நாய் வாங்கப் போய் மீட்டர் பெட்டியில் வந்து நின்ற கதை

போன வாரம் பக்கத்து வீதியில் பட்டப்பகலில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அன்றிலிருந்து என் கணவருக்குக் காவல் நாய் யோசனை.

இன்று காலை அவிநாசியிலிருந்து பயிற்சியாளர் ஒருவர், பழக்கிய நாயோடு வீட்டுக்கு வந்தார். ‘உட்கார்’ என்றால் உட்கார்ந்தது. அது முறைத்தால் எனக்கே வியர்த்தது.

“ஏனுங்க, ஊட்டுக்கு வந்து போறவங்க ஆராருங்க? அவங்களயெல்லாம் நாய்க்குப் பழக்கோணும்.”

சொன்னோம். எங்கள் பனியன் கம்பெனியிலிருந்து தைத்த துணிக் கட்டை வீட்டில் இறக்கும் டெம்போக்காரர், நூல் பிசிறு வெட்ட அதை எடுத்துப்போகும் நான்கு அக்காக்கள், பட்டன் வைப்பவர், அயர்ன்காரர்.

“நீங்க ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிட்டா?”

“அப்பவும் வருவாங்க. சாவி மீட்டர் பெட்டியிலதானுங்க இருக்கும். அவங்களே தொறந்து எடுத்துக்குவாங்க” என்றார் என் கணவர், பெருமையாக.

பயிற்சியாளர் நாயைப் பார்த்தார். “அப்புறம் இது ஆரத்தானுங்க கடிக்கும்?”

நாய் வேண்டாம், முதலில் சாவியை இடம் மாற்றுவோம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்துவிட்டு, வழக்கம்போல் சாவியை மீட்டர் பெட்டியில் போட்டுவிட்டு கம்பெனிக்குக் கிளம்பினோம்.

மதியம் பயிற்சியாளரிடமிருந்து போன்.

“நாய்க்குத் தண்ணி வெச்ச கிண்ணத்த உங்க ஊட்லயே மறந்துட்டனுங்க. உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே தொறந்து எடுத்துக்கிட்டனுங்க. சாவிய அங்கயே வெச்சுப்போட்டேன்.”

இப்போது நிஜமாகவே இடம் மாற்றியாயிற்று. எங்கே என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள். என் கணவர் பதில் சொல்லிவிடுவார்.